முறிவு மருந்து முந்தித் தீர்ந்தால்

தில்லி அன்சாரி நகரில் உள்ள எய்ம்ஸ் மருத்துவமனையில் விஷத்துக்கென்றே ஒரு தொலைபேசி இருக்கிறது. எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. தேசிய நஞ்சுத் தகவல் மையம் என்ற பெயரில் 1995 பிப்ரவரியில் தொடங்கிய இந்த மையத்தை அவசர சிகிச்சைப் பிரிவில் தேடினால் கிடைக்காது. அது மருந்தியல் துறையின் கீழ் இருக்கிறது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காத, ஊசி போடாத ஒரு துறைக்கு, உயிர் ஊசலாடும் நேரத்தில் எதற்காகப் போன் செய்ய வேண்டும்?

மறுமுனையில் இருப்பவர் கேட்கும் கேள்விகளிலேயே விடை இருக்கிறது. என்ன சாப்பிட்டார்? எவ்வளவு? எத்தனை மணிக்கு? வயது, எடை என்ன? இப்போது எப்படி இருக்கிறார்? டப்பாவோ பாக்கெட்டோ கையில் இருக்கிறதா? உள்ளே போன பொருளில் எவ்வளவு ரத்தத்தில் சேரும், அது எங்கே போய்த் தங்கும், எந்த உறுப்பு அதை உடைக்கும், எப்போது வெளியேறும் என்பதைக் கணக்குப் போடத்தான் இத்தனை கேள்விகளும். மருத்துவ மாணவர்கள் மருந்தியல் புத்தகத்தின் முதல் அத்தியாயங்களில் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற பகுதி இது. அவசரப் பிரிவில் நிற்கும்போது திரும்பத் தேவைப்படுவதும் இதுதான்.

1999 ஏப்ரல் முதல் 2002 மார்ச் வரை இந்த மையத்துக்கு வந்த சுமார் 2,700 அழைப்புகளை எய்ம்ஸ் மருந்தியல் துறையினர் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் 44 சதவீதம் வீட்டில் புழங்கும் பொருள்களைப் பற்றியவை. மருந்து மாத்திரைகள் இரண்டாவதாகவும், பூச்சிக்கொல்லிகள் மூன்றாவதாகவும் வந்தன. பினாயில், கொசுவிரட்டித் திரவம், உடைந்த தெர்மாமீட்டர், அந்துருண்டை, மண்ணெண்ணெய் என்று நம் வீட்டு அலமாரியே அந்தப் பட்டியலில் இருக்கும்.

தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசத்தை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் வீடே அலறும். ஆனால் அந்த உலோகப் பாதரசத்தைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. மலத்தோடு போய்விடும். அதே பாதரசம் தரையில் சிதறி, மூடிய அறைக்குள் ஆவியானால் நுரையீரல் அதைச் சுலபமாக ரத்தத்துக்குள் அனுப்பிவிடும். பொருள் ஒன்றேதான், நுழையும் வழி வேறு. மண்ணெண்ணெயிலும் இதே பாடம்தான். வயிற்றில் கிடக்கும்வரை அது பெரும்பாலும் அவ்வளவு கெடுதல் செய்யாது. வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் புகுந்தால் நுரையீரல் வெந்துபோகும். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்காதே என்று மருத்துவர்கள் மன்றாடுகிறார்கள். நம் ஊர்ப்பக்கம் இன்றும் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சில இடங்களில் சாணிக் கரைசல்கூட ஊற்றிவிட்டுத்தான் ஆட்டோவைக் கூப்பிடுகிறார்கள். கரைத்த உப்பு அதிகமாகப் போய், ரத்தத்தில் சோடியம் ஏறிச் செத்த குழந்தைகள் உண்டு. இதைப் பாட்டி வைத்தியம் என்று செல்லமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம். பழமொழி அளவைப் பற்றிப் பேசுகிறது, நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. நஞ்சு எப்போது வேலையைத் தொடங்கும், எவ்வளவு நேரம் தங்கும், அதை எதிர்க்கக் கொடுத்த மருந்து எவ்வளவு நேரம் தங்கும் என்பதில்தான் அவசர சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கின் அலகு அரை ஆயுள். ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. 100 பங்கு இருந்தால் ஓர் அரை ஆயுள் கழிந்ததும் 50, இன்னொன்று கழிந்ததும் 25. ஐந்து கடந்தபின் மிஞ்சுவது 3 பங்குக்குச் சற்று மேல். நடைமுறையில் அந்த மருந்து போய்விட்டது என்றே வைத்துக்கொள்வார்கள். மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கும் ஓ.டி., பி.டி., டி.டி.எஸ். எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினின் அரை ஆயுள் 30 மணி நேரத்துக்கும் மேல், ஆகவே தினம் ஒரு வேளை போதும். பாராசிட்டமாலுக்கு இரண்டு, மூன்று மணி நேரம்தான், ஆகவே ஆறு மணிக்கொரு முறை. (மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சீட்டில் ஓ.டி. என்றால் தினம் ஒருமுறை, கேசுவாலிட்டி பதிவேட்டில் ஓ.டி. என்றால் அளவு மீறிய மருந்து, கண் மருத்துவர் எழுதினால் வலது கண். இப்படி ஒரு சுருக்கத்தை மூன்று இடத்தில் விட்டுவைத்தவர்களைத் திட்டலாம், மாற்ற முடியாது.)

அவசரப் பிரிவில் அரை ஆயுள்கள் நிமிடங்களாகவும் நொடிகளாகவும் சுருங்கிவிடுகின்றன. இதயம் நின்றுபோனவருக்கு அட்ரினலின் 1 மில்லிகிராமை மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நரம்பில் ஏற்றிய அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடுவதே காரணம். தாறுமாறாக ஓடும் இதயத் துடிப்பைக் குறிப்பிட்ட சில வகைகளில் நிறுத்தும் அடினோசினின் அரை ஆயுள் பத்து நொடிக்கும் குறைவு. புறங்கைப் பக்கம் போட்டால் இதயத்தை எட்டுவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் முழங்கை மடிப்பில் பெரிய நரம்பு பிடித்து, ஒரே மூச்சில் அழுத்தி, பின்னாலேயே சலைன் தள்ளுகிறார்கள். ‘ஸ்டாட்’ என்று சீட்டில் எழுதினால் உடனே, இப்போதே என்று பொருள். அடினோசினைப் பொறுத்தவரை அந்த உடனேவுக்கு நொடிக்கணக்கு உண்டு.

இதன் மறுபக்கத்தை ஒவ்வாமை அதிர்ச்சியில் பார்க்கலாம். ஊசி மருந்தோ குளவிக் கடியோ ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் சரியும்போது காப்பாற்றுவது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். ஆனால் நம் சிறிய கிளினிக்குகளில் கை முதலில் போவது அவிலுக்கும் ஹைட்ரோகார்டிசோனுக்கும். அவை கெட்ட மருந்துகள் இல்லை. ஆனால் அவில் அரிப்பைத்தான் தணிக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. ஹைட்ரோகார்டிசோன் வேலை செய்யப் பல மணி நேரமாகும். நோயாளியிடம் அவ்வளவு நேரம் இல்லை. அட்ரினலின் என்றால் இதயத்துக்கு ஆபத்து என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. நரம்பில் போடும் அளவையும் தசையில் போடும் அளவையும் குழப்பிக்கொள்வதால் வந்த பயம் அது. 1:1000 குப்பியில் 1 மில்லிகிராம் மருந்து 1 மில்லிலிட்டருக்குள் இருக்கும். 1:10,000 கரைசலில் அதே 1 மில்லிகிராம் 10 மில்லிலிட்டரில் பரவியிருக்கும்.

முறிவு மருந்துகளுக்கு வருவோம். செல்லின் மேல் ஏற்பிகள் உள்ளன. பேருந்து இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபினோ ஹெராயினோ அந்த இருக்கையில் உட்கார்ந்தால் வலி மறையும், மயக்கம் வரும், அளவு கூடினால் மூச்சு நின்றுபோகும். இப்படி உட்கார்ந்து வேலையும் செய்வதை அகோனிஸ்ட் என்கிறார்கள். நலாக்ஸோன் என்ற மருந்து அதே இருக்கையில் துண்டு போட்டு இடம்பிடிக்கும், ஆனால் தான் ஒரு வேலையும் செய்யாது. அது ஆன்டகோனிஸ்ட். நரம்பில் போட்ட ஓரிரு நிமிடத்தில், நீலம் பாரித்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, தன்னை எழுப்பியவர்களைத் திட்டத் தொடங்குவார். வார்டில் மருத்துவம் மந்திரம்போல் தெரிகிற அபூர்வமான தருணங்களில் இது ஒன்று.

துண்டு அதிக நேரம் கிடப்பதில்லை என்பதுதான் சிக்கல். நலாக்ஸோனின் அரை ஆயுள் ஒரு மணி நேரத்தை ஒட்டியது. போதையிலிருந்து மீட்கும் சிகிச்சையில் தரப்படும் மெத்தடோன் ஒரு நாள், அதற்கு மேலும் தங்கும். அளவு மீறிய மெத்தடோனுக்கு ஒரு ஊசி நலாக்ஸோன் போட்டு, ஆள் எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினால், ஓரிரு மணி நேரத்தில் அவர் வீட்டுக் கட்டிலில் மறுபடியும் மூச்சு நின்று கிடப்பார். ரத்தத்தில் மெத்தடோன் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, முறிவு மருந்துதான் தீர்ந்துபோயிருக்கிறது. ஆகவே நலாக்ஸோனைச் சொட்டு மருந்தாகத் தொடர்ந்து ஏற்றி, மணிக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த விஷத்துக்கு எந்த மாற்று என்ற அட்டவணையை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டில் எது நீண்ட நேரம் இருக்கும் என்ற மூன்றாவது வரிசை அந்த அட்டவணையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

உண்மையில் பெரும்பாலான விஷங்களுக்கு முறிவு மருந்தே கிடையாது. வடஇந்தியாவில் கோதுமை மூட்டைகளுக்குள் வைக்கும் செல்ஃபாஸ் மாத்திரை ஈரம் பட்டதும் பாஸ்ஃபீன் வாயுவை விடும். செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அது முடக்கிவிடும். அதற்கு எதிர் மருந்தென்று எதுவும் கைவசம் இல்லை. தானியம் வைத்த அறைக்கு அடுத்த அறையில் தூங்கியவர்கள் இறந்த சம்பவங்கள் உண்டு. இத்தகைய இடங்களில் மருத்துவம் செய்யக்கூடியது மூச்சுவழி, சுவாசம், ரத்த ஓட்டம் மூன்றையும் பிடித்து நிறுத்தி வைத்து உடம்புக்கு நேரம் வாங்கித் தருவது. இன்ன விஷம் என்று தெரியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள். டிரையாஜ் என்பது அதுதான். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற ரேஷன் கடை நியாயம் அங்கே செல்லாது, வரிசையில் நிற்கும் உறவினர்கள் ஒருநாளும் அதை ஒத்துக்கொள்வதும் இல்லை.

நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதை 3 முதல் 15 வரை அளப்பது கிளாஸ்கோ அளவை. 1974-ல் கிளாஸ்கோவில் தலையில் அடிபட்டவர்களுக்காக உருவானது. எட்டு அல்லது அதற்குக் கீழே போனால் தொண்டையில் குழாய் போடு என்று ஒரு சூத்திரம் வாய்க்கு வாய் சொல்லப்பட்டு வந்தது. தலைக்காயத்தில் அது சரிதான். விஷம் அருந்தியவர்களிடம் இந்தச் சூத்திரத்தைப் பிரான்சில் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் போடுவதை முடிந்தவரை தவிர்த்து, கூடவே இருந்து கவனித்தவர்களிடம் சிக்கல்கள் குறைவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களும் குறைவு. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மண்டைக்குள் கசிந்த ரத்தம் தானாக வெளியேறாது. மதுவும் தூக்க மாத்திரையும் வெளியேறிவிடும். ஒரே எண், இரண்டு நோயாளிகள். ஒருவருக்கு நேரம் எதிரி, மற்றவருக்கு அதுவே மருந்து.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சாப்பாட்டில் மோனோகுரோட்டோஃபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. ஆர்கனோபாஸ்பேட் எனப்படும் வகை அது. நரம்பு தன் செய்தியை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாக அனுப்புகிறது. செய்தி சேர்ந்ததும் ஒரு நொதி அதை உடைத்துத் துப்புரவு செய்யும். பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது, அசிட்டைல்கோலின் தேங்கிவிடுகிறது. கண்ணீர், எச்சில், வியர்வை, வாந்தி, பேதி, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்பாவை, நெஞ்சு முழுக்கக் கோழை. விஷத்தின் பெயர் தெரியாமலேயே இத்தனை அறிகுறிகள் சேர்ந்து நின்றால் வகையைச் சொல்லிவிடலாம். டாக்ஸிட்ரோம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதற்கு அட்ரோபின். அசிட்டைல்கோலின் உட்காரும் இருக்கைகள் பலவற்றில் அது இடம்பிடித்துக்கொள்ளும். எவ்வளவு போடுவது என்பதற்கு நிலையான எண் கிடையாது. முதல் ஊசி போட்டு ஐந்து நிமிடம் பார்த்து, நெஞ்சு தெளியாவிட்டால் இரட்டிப்பு, பிறகு அதற்கும் இரட்டிப்பு. நெஞ்சில் கோழை வற்றி, துடிப்பும் அழுத்தமும் ஏறி, அக்குள் காய்ந்ததும் அட்ரோபினைசேஷன் ஆகிவிட்டது என்பார்கள். கண்பாவை விரிந்ததா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பது பழைய பழக்கம். நோயாளி கோழையில் மூழ்கித்தான் சாகிறார், ஆகவே காது நெஞ்சில் இருக்க வேண்டும். அட்ரோபின் மிஞ்சிவிட்டாலும் ஆபத்து உண்டு. ஆள் பிதற்றுவார், படுக்கை விரிப்பைப் பிய்ப்பார், குடல் ஓசை நின்றுவிடும், வியர்வை வற்றிவிடும். மே மாதத் தில்லியில், மின்விசிறி மட்டும் சுற்றும் வார்டில் வியர்க்க முடியாத மனிதரின் உடல் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அட்ரோபின் நொதியைத் தொடுவதில்லை. கட்டிப்போடப்பட்ட நொதியை விடுவிக்க பிராலிடாக்ஸிம் இருக்கிறது, வார்டில் அதைப் பாம் என்பார்கள். ஆனால் நேரம் கடந்தால் அந்தக் கட்டு நிரந்தரமாகிவிடும். முதுமையடைதல் என்று வேதியியல் பெயர். மோனோகுரோட்டோஃபாஸ் போன்ற டைமீத்தைல் வகைகளில், கட்டுண்ட நொதியில் பாதி நான்கு மணி நேரத்துக்குள் முதுமையடைந்துவிடும். டைஈத்தைல் வகைகளில் அதற்கு ஒன்றரை நாள்வரை ஆகலாம். கிராமத்திலிருந்து மாவட்ட மருத்துவமனை, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்று அலைவதற்குள் முதல் வகைக்கான வாய்ப்பு பெரும்பாலும் மூடிப்போயிருக்கும். இந்த மருந்தை நம்பலாமா என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தொடர் சொட்டாக அதிக அளவு கொடுத்து நல்ல பலன் கண்டதாக 2006-ல் எழுதினார்கள். இலங்கையில் நடந்த சோதனை 2009-ல் வெளியானபோது பலன் ஏதும் தெரியவில்லை, மருந்து கொடுத்தவர்களில் இறப்பு சற்றுக் கூடவே இருந்தது. என்ன பூச்சிமருந்து, எத்தனை மணி நேரம் கழித்து வந்தார் என்ற இரண்டும் ஊருக்கு ஊர் மாறும்போது விடையும் மாறுவது இயல்புதான்.

மெத்தனால் கதை இன்னும் விசித்திரமானது. 1991 நவம்பரில் தில்லியில் கர்பூர் ஆசவ் என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக விற்ற திரவத்தைக் குடித்து ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். அதில் மெத்தனால் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் அதே பொருளால்தான். குடித்த மெத்தனால் அப்படியே இருந்தால் சாதாரணப் போதைதான். கல்லீரல் அதை வழக்கம்போல் உடைக்கும்போது ஃபார்மால்டிஹைடும், அதிலிருந்து ஃபார்மிக் அமிலமும் உருவாகின்றன. பார்வையைப் பறிப்பதும் உயிரைக் குடிப்பதும் அந்த அமிலம். இது சேர அரை நாள் முதல் ஒரு நாள் ஆகும். கூடவே சாதாரணச் சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். முதல் நாள் இரவு குடித்தவர், ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாளும் குடிக்கப் போவது இதனால்தான்.

சிகிச்சையில், மெத்தனாலை உடைக்கும் கல்லீரல் நொதியை மறிக்க வேண்டும். எத்தனாலை, அதாவது வழக்கமான மதுவை, அந்த நொதி பத்து இருபது மடங்கு அதிகமாக விரும்பும். ஆகவே அளந்து கொடுக்கும் எத்தனாலே முறிவு மருந்தாகிறது. ஃபோமெபிசோல் அதைவிடச் சீராக வேலை செய்யும், விலைதான் கட்டுப்படியாகாது. நொதியை மறித்தபின் மெத்தனால் எங்கே போகும்? எங்கும் போகாது. அதன் அரை ஆயுள் இரண்டு நாளை நெருங்கும். முறிவு மருந்து விஷத்தின் ஆயுளை நீட்டிக்கிற வேடிக்கை இது. அதற்குள் முறிவு மருந்து குறைந்தால் அமில உற்பத்தி மறுபடி தொடங்கிவிடும். ஆகவேதான் டயாலிசிஸ். மெத்தனாலையும் அமிலத்தையும் ஒருசேர வெளியே இழுக்க அதுதான் வேகமான வழி. கள்ளச்சாராயச் சாவு நடக்கும் ஒவ்வொரு முறையும் மருந்து இருந்ததா இல்லையா என்று சட்டமன்றத்தில் சண்டை நடக்கிறது. அந்த மாவட்டத்தில் அன்றிரவு எத்தனை டயாலிசிஸ் எந்திரங்கள் ஓடின என்று யாராவது கேட்டால் விவாதம் உருப்படும்.

தில்லியின் இன்னொரு அவசரத்தில் மருந்துக்கு வேலையே இல்லை. 2024 மே மாத அனலில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை வெப்பத் தாக்குக்கென்று தனிப் பிரிவைத் திறந்தது. அங்கே பிரதான உபகரணம் பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டி. உடல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நினைவும் தடுமாறும் ஒருவருக்கு டோலோ கொடுப்பது வீண். காய்ச்சலில் மூளையே வெப்ப இலக்கை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அந்த இலக்கைக் கீழே இறக்குகிறது. வெப்பத் தாக்கில் இலக்கு மாறவேயில்லை, உடம்பு வெளிச்சூட்டிடம் தோற்றுப்போயிருக்கிறது. இறக்குவதற்கு இலக்கு இல்லாத இடத்தில் மாத்திரை, ஏற்கெனவே சூட்டில் நொந்த கல்லீரலுக்குக் கூடுதல் சுமைதான். அரை மணி நேரத்துக்குள் ஆளைக் குளிர வைக்க வேண்டும். சாலை விபத்துக்குப் பொன்னான நேரம் என்று ஒரு மணி நேரத்தை 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே வரையறுத்திருக்கிறது. வெப்பத் தாக்குக்குச் சட்டம் இல்லை, ஆனால் கெடு அதைவிடக் குறைவு.

சில விஷங்கள் அமைதியாக இருந்து ஏமாற்றும். அளவு மீறிய பாராசிட்டமால் முதல் நாள் கொஞ்சம் குமட்டலோடு நின்றுவிடும். கல்லீரல் கெடுவது மூன்றாம் நாள் வாக்கில்தான் தெரியும். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. ரத்தத்தில் அளவைப் பார்க்க நான்கு மணி நேரம் கழிய வேண்டும், அதற்குமுன் எடுத்த அளவை, நேரத்தோடு ஒப்பிடும் வரைபடத்தில் வைத்துப் படிக்க முடியாது. எலிக் கேக்குகளில் இருக்கும் புரோமடையோலோன் வகை, ரத்தம் உறையும் காரணிகளைக் கல்லீரல் புதிதாகச் செய்யவிடாமல் தடுக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் காரணிகள் தீரும்வரை சோதனை சுத்தமாக இருக்கும். அதனால்தான் குழந்தை எலிக் கேக்கைக் கடித்தால் இரண்டு நாள் கழித்து ஐ.என்.ஆர். என்ற உறைதல் சோதனையைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், வைட்டமின் கே-யும் வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை முற்றிலும் வேறு ஜாதி, அதற்கு முறிவு மருந்து இல்லை. எலி மருந்து என்று ஒரே சொல்லில் சொல்லிவிடாமல் டப்பாவை எடுத்து வரச் சொல்வது இதற்காகத்தான். தில்லியில் குளிர்காலம் முடிந்ததும் ரஜாய்ப் போர்வைகளை மடித்து அந்துருண்டை போட்டு வைப்பார்கள். பரம்பரையாக ஒரு நொதி குறைந்த குழந்தை அந்த உருண்டையை விழுங்கினால், ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போவது ஓரிரு நாள் கழித்துத்தான்.

பாம்புக் கடியில் ஒரு ஆறு மணி நேரம் வருகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துத் தருகிறது. அதிலிருந்து உருவாகும் மருந்துதான் நாடெங்கும் போகிறது. கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்தவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து. போட்ட அடுத்த அரை மணியில் மறுபடி சோதித்து, இன்னும் உறையவில்லை என்று இன்னொரு பத்துக் குப்பி ஏற்றுவது வீண் செலவு. முறிவு மருந்து ரத்தத்தில் உள்ள விஷத்தைத்தான் செயலிழக்கச் செய்யும். தீர்ந்துபோன உறைதல் காரணிகளைக் கல்லீரல் மறுபடி செய்ய ஏறக்குறைய ஆறு மணி நேரம் வேண்டும். அதனால்தான் சோதனை ஆறு மணிக்கொரு முறை. கடிவாயில் தங்கிய விஷம் அதன்பின்னும் மெல்லக் கசிந்து வரலாம் என்பதால் ஒருமுறை உறைந்துவிட்டது என்று நிறுத்துவதும் கிடையாது.

இத்தனையும் மோதும் இடம் லாமா. மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறுதல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம், தில்லியிலும் சென்னையிலும் வார்டில் எல்லாருக்கும் தெரிந்த சொல். முறிவு மருந்து போட்டதும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார், டீ கேட்கிறார், தனியார் மருத்துவமனையில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகத் தயார். இன்னும் எத்தனை மணி நேரம், எதற்காக என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த பயிற்சி மருத்துவரோ செவிலியரோ அங்கே இருந்தால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பெரும்பாலும் அப்சர்வேஷன் என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். உறவினர்கள் அதைச் சும்மா படுக்க வைத்துப் பில் போடுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பூச்சிமருந்து நோயாளிகளிடம் இந்தக் காத்திருப்பு நான்கு நாள்வரை நீளும். 1987-ல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் ஒன்றை விவரித்தார்கள். அட்ரோபினுக்குச் சரியாகிவிட்ட நோயாளிகளில் சிலர், ஒன்று முதல் நான்கு நாளுக்குள் திடீரென்று மூச்சுத் தசை செயலிழந்து போனார்கள். இடைநிலை நோய்க்குறி என்று அதற்குப் பெயர். தசைகளில் உள்ள ஏற்பிகள் வேறு வகை, அட்ரோபின் அங்கே உட்காராது, அதனால் அதைத் தடுக்கவும் முடியாது. முதலில் தளர்வது கழுத்து. ஆகவே ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார்கள். தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்றால், அவர் எவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும், வென்டிலேட்டர் இருக்கும் படுக்கைக்கு மாற்றும் ஏற்பாடு உடனே தொடங்கும்.